எட்டு சிலிண்டர்

முதலில் ஆரஞ்சு நிற டஸ்டர்.
அதை அப்பா டொலிடோவுக்கு ஓட்டிப்போனார்,
பேக்கரிக்காரியோடு.
இரண்டாவது, கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலஞ்சர்.
அதன் சாவி அன்று அம்மாவின் ஏப்ரன் பையில் கிடந்ததால்
எங்களோடு தங்கிவிட்டது.
நியாயமான பங்கீடுதான் என்பாள் அம்மா.
நல்ல வண்டி யாரிடம் இருக்கிறது, பார்.

ஹாம்ட்ராம்கில் அப்போது
யார் வீட்டுக் கொடியில் துணி காய்ந்தாலும்
ஆலைக் கரி வந்து உட்காரும்.
அம்மா டாட்ஜ் மெயினில் இருக்கை தைத்தாள்.
எங்கள் பின்னிருக்கையின் ஓரத்தில்
ஒரு தையல் கோணலாக ஓடும்.
"இது உன் கையா?" என்பான் தம்பி ஸெனெக்.
"என் கை கோணாது."
இரண்டு சிக்னல் தாண்டியபின்,
"அன்றைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும்."

கோடையில் அந்த வினைல் தொடையோடு ஒட்டிக்கொள்ளும்.
இறங்கும்போது பிளாஸ்திரி பிய்க்கும் சத்தம்.
சாலையில் தூவிய உப்பு
நாலே குளிர்காலத்தில் வண்டியின் தரையைத் தின்றது.
என் காலடியில் உள்ளங்கை அகல ஓட்டை.
அதன் வழியே ஊர் ஓடுவதைப் பார்ப்போம்:
சாம்பல், சாம்பல், வெள்ளைக்கோடு, சாம்பல்.
ஸெனெக் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்புவான்.
ஒருநாள் என் இடதுகைக் கையுறை போனது.
அம்மா கேக் சுடும் தட்டை வைத்து ரிவெட் அடித்தாள்.
அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக் இல்லை.

அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது.
போலிஷிலும் தெரியாது, ஆங்கிலத்திலும் தெரியாது.

எனக்குப் பதினாலு.
அப்பாவுக்கு நான் எழுதிய கடிதத்தை
மெத்தைக்கடியில் கண்டெடுத்து அடுப்பில் போட்டாள்.
நான் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.
அவள் திருப்பிச் சொன்னது அதற்கும் மேல்.
ஸெனெக் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

மறுநாள், இன்னும் விடியவில்லை.
சன்னலுக்கு வெளியே உறைபனியைச் சுரண்டுகிறார்கள்.
சரக். சரக். மூச்சு வாங்க ஒரு நிறுத்தம். சரக்.
பிறகு சாவி. ஒரு இருமல். இன்னொரு இருமல்.
பிறகு எட்டு சிலிண்டரும் ஒரே சமயத்தில்
தொண்டையைத் திறந்தன.
அலமாரியில் பீங்கான் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
எதிர்வீட்டு யாத்விகா பூட்டிய சன்னல் வழியே கையை ஆட்டித் திட்டினாள்.
பள்ளிக்கு ஆறே தெரு, நான் எப்போதும் நடப்பவள்.
பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது.
அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே
உறுமிக்கொண்டிருந்தது வண்டி.

ஏறினேன். உள்ளே ரொட்டி அடுப்பின் கதகதப்பு.
ஆறு தெருவும் ஒருவரும் பேசவில்லை.

துரு கடைசியில் தட்டைத் தவிர எல்லாவற்றையும் தின்றுவிட்டது.
எஞ்சினை ஒரு பையன் வாங்கிப் போனான்.
அவன் லாரி திரும்பும்வரை
கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள் அம்மா,
டொலிடோவுக்குப் போன வண்டிக்கு அவள் அப்படி நின்றதில்லை.

அவள் போய் ஒன்பது வருடம்.
அவளிடமிருந்து எதுவும் எனக்கு வரவில்லை என்றுதான் இருந்தேன்.
மூக்குகூட அப்பாவுடையது.

நேற்று ராத்திரி வெரோனிகாவிடம் கத்திவிட்டேன்,
முப்பது வயதுப் பெண்ணிடம், ஒரு குக்கருக்காக.
என் கார் கொரியாவில் செய்தது, மின்சாரத்தில் ஓடுவது.
படுத்தபடியே போனைத் தொட்டால் சூடாகிக்கொள்ளும்.
ஐந்து மணிக்குத் தொட்டேன்,
அவளுக்கு ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட்.
சத்தமே இல்லை.
கண்ணாடியில் பனி தானாக இளகி வழிந்தது.
மாடியில் அவள் விளக்கு எரிந்தது.
இதை அவள் எந்தக் காதால் கேட்பாள்?

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
சுரண்டியை எடுத்து
ஈரக் கண்ணாடியில் அழுத்தி இழுத்தேன்.
சரக். சரக்.
மூச்சு வாங்கியது. நிறுத்தினேன். சரக்.

மாடிச் சன்னல் திறந்தது.
"அம்மா, அதில்தான் பனியே இல்லையே."
"தெரியும்" என்றேன்.
மறுபக்கத்துக் கண்ணாடிக்குப் போனேன்.